விபி6-ல் எழுதிய பழைய சாஃப்ட்வேரை 64 பிட்டில் புதிதாக எழுதியே ஆக வேண்டுமா?

பெங்களூர் பீன்யாவில் பட்டறை நடத்தும் நண்பர் கேட்டிருப்பது இது: 2001 வாக்கில் அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் விபி6-ல் (மைக்ரோசாஃப்டின் பழைய நிரல் மொழியான விஷுவல் பேசிக் 6) எழுதிக் கொடுத்த சாஃப்ட்வேர் இன்றும் ஓடுகிறது. ஜாப் கார்டு, டெலிவரி சலான், பில், எடை மிஷினிலிருந்து எடை வாங்குவது எல்லாம் அதில்தான். டேட்டா, மைக்ரோசாஃப்ட் அக்சஸின் எம்டிபி என்ற டேட்டாபேஸ் ஃபைலில் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுவிட்டதால் கம்ப்யூட்டர்களை மாற்ற வேண்டும். போதாததற்குத் தம்பி ஸ்னாப்டிராகன் சிப் வைத்த லேப்டாப் ஒன்றை வாங்கி வந்திருக்கிறார். ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு, "இது 32 பிட், இனிமேல் ஓடாது, 64 பிட்டில் முழுசாக எழுத வேண்டும்" என்று 14 லட்சம் கேட்கிறார். எழுதலாமா, வேண்டாமா? 14 லட்சம் நியாயமா?

இதோடு போகிற போக்கில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள்: எழுதியவர் ஓசூர் பக்கம் போய்விட்டார், இப்போது போனை எடுப்பதில்லை. என் கண்ணுக்கு அதுதான் பெரிய வரி. 32 பிட் சாஃப்ட்வேர் புதிய மிஷினில் ஓடுமா என்பது ஒரு விஷயம். நாளைக்கு ஏதாவது மாற்ற வேண்டும் என்றால் யார் மாற்றுவார் என்பது முற்றிலும் வேறு விஷயம். வந்த ஆள் முதல் விஷயத்தின் பெயரைச் சொல்லி இரண்டாவது பயத்துக்கு விலை போட்டிருக்கிறார். இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பெங்களூரில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் விண்டோஸ் டெஸ்க்டாப் சாஃப்ட்வேரில்தான் என் பிழைப்பு. பெரிய கம்பெனி வேலை கொஞ்சம், சிக்பேட்டை, பொம்மசந்திரா, பீன்யா மாதிரி இடங்களில் சின்ன முதலாளிகளுக்குச் செய்தது நிறைய. உங்கள் சோர்ஸ் கோடை, அதாவது அவர் எழுதிய மூல நிரலை, நான் பார்த்ததில்லை, அதனால் கீழே சொல்வதில் எது எல்லோருக்கும் பொருந்தும், எது உங்கள் மிஷினில் சோதித்துத்தான் தெரியும் என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாதவை. பிட் கணக்கு என்பது ப்ராசஸர் ஒரே மூச்சில் கையாளும் டேட்டாவின் அகலம், 32 பழையது, 64 புதியது. இன்டெல் அல்லது ஏஎம்டி ப்ராசஸர் உள்ள 64 பிட் விண்டோஸ் 11-ல் 32 பிட் சாஃப்ட்வேர் ஓடும். அதற்கென்றே வாவ்64 என்ற அடுக்கு விண்டோஸுக்குள் இருக்கிறது. ப்ராசஸரே 32 பிட் கட்டளைகளை நேரடியாக நிறைவேற்றுகிறது, வேகத்தில் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பு கிடையாது என்பது உண்மை. அதைக் கேட்டுவிட்டுத்தான் பலர் "32 பிட் சாஃப்ட்வேர் ஓடாது" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். இரண்டும் ஒன்றில்லை. விபி6-ல் நிரல் எழுதும் கருவிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. ஆனால் விபி6-ல் எழுதிய சாஃப்ட்வேர் ஓடத் தேவையான ரன்டைம் விண்டோஸ் 11 வரை கூடவே வருகிறது, அந்தந்த விண்டோஸ் உயிரோடு இருக்கும் வரை அதற்கும் ஆதரவு உண்டு. அக்சஸ் எம்டிபி-யைப் படிக்கும் ஜெட் என்ஜினும் 32 பிட் வடிவில் விண்டோஸோடு இன்னும் வருகிறது. ஜெட்டுக்கு 64 பிட் வடிவம் எப்போதுமே இருந்ததில்லை.

உண்மையிலேயே ஓடாதது 16 பிட். டாஸ் காலத்து கிளிப்பர், பழைய ஃபாக்ஸ்ப்ரோ, விண்டோஸ் 3.1 சாஃப்ட்வேர்கள் 64 பிட் விண்டோஸில் திறக்கவே திறக்காது. டாஸ் நிரல்களை ஓட்ட 32 பிட் விண்டோஸ் நம்பியிருந்த ப்ராசஸர் வசதி 64 பிட் நிலையில் கிடையாது, 16 பிட்டுக்கான அடுக்கையே மைக்ரோசாஃப்ட் 64 பிட் விண்டோஸில் வைக்கவில்லை. விபி6 சாஃப்ட்வேருக்கு இது பொருந்தாது, ஒரு விதிவிலக்கைத் தவிர: அந்தக் காலத்து இன்ஸ்டாலர் சிலவற்றில் தொடக்கப் பகுதி மட்டும் 16 பிட்டாக இருக்கும். சாஃப்ட்வேர் நன்றாக ஓடும், அதை நிறுவும் செட்டப் ஃபைல்தான் அடம்பிடிக்கும். வந்த ஆள் செட்டப்பை இரண்டு தடவை கிளிக் செய்து பார்த்து "ஓடாது" என்று சொல்லியிருந்தால் காரணம் இதுவாகக்கூட இருக்கலாம். தேவையான ஃபைல்களைக் கையால் நகலெடுத்து, ஓசிஎக்ஸ்களை (சாஃப்ட்வேர் கடன் வாங்கும் கிரிட் மாதிரியான துணை ஃபைல்கள்) விண்டோஸில் பதிவு செய்தால் போதும்.

அடுத்த உறுதியான விதி: ஒரே ப்ராசஸுக்குள், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்குள், 32 பிட்டும் 64 பிட்டும் கலக்காது. 64 பிட் நிரல் 32 பிட் டிஎல்எல் என்ற துணை ஃபைலையோ ஓசிஎக்ஸையோ உள்ளே இழுத்துக்கொள்ள முடியாது. இந்த விதிதான் நிஜத்தில் ஆட்களைக் கட்டாயப்படுத்துகிறது. ஆட்டோகேட் 2020 பதிப்பிலிருந்து 64 பிட் மட்டும்தான். அதற்குள் ஓடும் பழைய 32 பிட் ப்ளக்-இன் வைத்திருந்தவர்களுக்கு வேறு வழியே இருக்கவில்லை. ஆபீஸும் 2019-லிருந்து வழக்கமாக 64 பிட்டாகவே நிறுவப்படுகிறது. எக்செல் மேக்ரோவில் விண்டோஸ் ஃபங்ஷன்களை நேராகக் கூப்பிட்டிருந்தால் அந்த வரிகளைத் திருத்தியே ஆக வேண்டும். உங்கள் சாஃப்ட்வேர் தானாக ஓடும் தனி இஎக்ஸ்இ ஃபைல், யாருக்குள்ளும் குடியிருக்கவில்லை. அதனால் இந்தக் கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஆனால் கவனியுங்கள், இதே விதி 64 பிட்டில் புதிதாக எழுதுபவரின் கழுத்தைத்தான் பிடிக்கும்: உங்கள் சாஃப்ட்வேர் இப்போது பயன்படுத்தும் கிரிட், சீரியல் போர்ட் கன்ட்ரோல், ஜெட் எதுவும் அவருக்கு உதவாது. எல்லாவற்றுக்கும் மாற்று தேட வேண்டும். விலை ஏறுவது அங்கேதான்.

மூன்றாவது, டிரைவர், அதாவது இணைத்திருக்கும் கருவியோடு விண்டோஸைப் பேச வைக்கும் நிரல். சாஃப்ட்வேருக்கு 32 பிட் தாங்கும் அடுக்கு உண்டு, டிரைவருக்கு அப்படி எதுவும் கிடையாது. விண்டோஸ் எந்த வகையோ டிரைவரும் அதே வகையாக இருக்க வேண்டும். எடை மிஷினை யூஎஸ்பி-சீரியல் கேபிள் வழியாக இணைத்திருப்பீர்கள். அந்தக் கேபிளுக்குள் இருக்கும் சிப்புக்கு 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடையில் விலை மலிவாக வாங்கிய கேபிளில் போலி சிப் இருந்தால் புதிய டிரைவர் அதை ஏற்க மறுக்கலாம். அதற்குத் தீர்வு சில நூறு ரூபாய்க்கு நல்ல கேபிள், 14 லட்ச ரூபாய் ப்ராஜெக்ட் கிடையாது. சாஃப்ட்வேரைக் காப்பி எடுக்காமல் தடுக்கப் பேரலல் போர்ட்டில் செருகும் லாக் ஏதாவது இருந்தால் அதுதான் உண்மையான தலைவலி, அதைப் பற்றி மட்டும் தனியாக எழுதுங்கள்.

இப்போது தம்பியின் ஸ்னாப்டிராகன் லேப்டாப். அது ஏஆர்எம் ப்ராசஸர், இன்டெல் கட்டளைகள் அதற்குப் புரியாது. விண்டோஸ் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்து ஓட்டுகிறது. 32 பிட் இன்டெல் சாஃப்ட்வேரை இப்படி ஓட்டும் வசதி 2017-லேயே வந்துவிட்டது. 64 பிட் இன்டெல் சாஃப்ட்வேருக்கு விண்டோஸ் 11-ல்தான் வந்தது. அதாவது ஏஆர்எம் விண்டோஸில் முதலில் இடம் கிடைத்தது உங்கள் பழைய 32 பிட்டுக்குத்தான். 2024-ல் வந்த பதிப்பில் ப்ரிஸம் என்ற பெயரில் அந்த மொழிபெயர்ப்பை இன்னும் வேகமாக்கியிருக்கிறார்கள். பில் போடும் சாஃப்ட்வேர் அதில் ஓடும் என்றே எதிர்பார்க்கலாம். உங்கள் சாஃப்ட்வேரில் இருக்கும் ஒவ்வொரு ஓசிஎக்ஸும் ஒழுங்காக நடந்துகொள்ளுமா என்பதை உட்கார்ந்து சோதித்துத்தான் சொல்ல முடியும். ஆனால் டிரைவர் விதி இங்கே இன்னும் கடுமை. எடை மிஷின் கேபிளுக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கும் ஏஆர்எம் டிரைவரே வேண்டும், இன்டெல் டிரைவர் ஒட்டாது. அந்த லேப்டாப்பில் விர்ச்சுவல் மிஷின் (கம்ப்யூட்டருக்குள் ஒரு பாவனைக் கம்ப்யூட்டர்) போட்டு பழைய விண்டோஸை ஓட்டலாம் என்றும் நினைக்காதீர்கள், அதற்கான விண்டோஸ் வசதியான ஹைப்பர்-வி அங்கே இன்டெல் விண்டோஸை ஏற்றாது. எளிய வழி: ஆபீஸில் விண்டோஸ் 11 ப்ரோ போட்ட ஒரு சாதாரண இன்டெல் டெஸ்க்டாப், அதில் சாஃப்ட்வேர். தம்பி தன் லேப்டாப்பிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் அதற்குள் போய் பில்களைப் பார்த்துக்கொள்ளட்டும். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம், ஒரு வரி கோடு மாற்றவும் வேண்டாம்.

சரி, இது எத்தனை நாளைக்கு? இங்கிருந்துதான் சந்தேகப் பிரதேசம். 32 பிட் ஆதரவை எடுக்கப் போவதாக மைக்ரோசாஃப்ட் தேதி எதுவும் அறிவிக்கவில்லை. அவர்களுடைய சொந்த விஷுவல் ஸ்டுடியோவே 2021 நவம்பரில் 2022 பதிப்பு வரும் வரைக்கும் 32 பிட்டாகத்தான் இருந்தது. உலகத்தில் பாதிப் பேர் நிரல் எழுதும் கருவியே அவ்வளவு காலம் அவசரப்படவில்லை என்றால் உங்கள் டெலிவரி சலானுக்கு என்ன அவசரம்? ஆனால் ஆப்பிள் பக்கம் கதை வேறு. மேக்கில் 2019-ல் வந்த கேட்டலினா 32 பிட் ஆப்களை ஒரேயடியாக நிறுத்திவிட்டது. 2020-ல் சிப்பை மாற்றினார்கள், இன்டெல் ஆப்களை ஓட்டும் ரொசெட்டாவுக்கும் முடிவு தேதியை 2025-ல் சொல்லிவிட்டார்கள். மேக்கில் சாஃப்ட்வேர் வைத்திருப்பவர் இதே கேள்வியைக் கேட்டால் "இப்போதே ஆரம்பியுங்கள்" என்பேன். விண்டோஸில் என் கணிப்பு, இன்னும் பல வருஷம் ஓடும் என்பது. கணிப்புதான், எழுதிக் கொடுக்கமாட்டேன்.

அப்படியானால் உங்கள் சாஃப்ட்வேர் பத்திரமாக இருக்கிறதா என்றால், அதற்கும் ஆமாம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வரும். ஒரு கேள்வி கேட்கிறேன், அதற்கு நீங்கள் சொல்லும் பதிலில்தான் பெரும்பாலான முடிவு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி வீதங்கள் மாறின அல்லவா? அன்று உங்கள் சாஃப்ட்வேரில் வீதத்தை மாற்றியது யார்? ஆபீஸில் இருக்கும் அக்கவுண்டன்ட் செட்டிங்ஸ் திரையில் போய் எண்ணை மாற்றிவிட்டு டீ குடிக்கப் போனார் என்றால், எழுதியவர் கெட்டிக்காரர். இந்த சாஃப்ட்வேருக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. கோடுக்குள் எண் புதைந்திருந்து, மாற்ற ஆள் இல்லாமல், பில்லைப் பிரிண்ட் எடுத்த பிறகு பேனாவால் திருத்தினீர்கள் என்றால், 32 பிட்டை மறந்துவிடுங்கள், அதுதான் உங்கள் நோய். 2017 ஜூலையில் வாட் போய் ஜிஎஸ்டி வந்தபோது யாரோ கோடைத் திறந்து மாற்றியிருக்க வேண்டும். அந்த யாரோ யார், அவர் மாற்றிய சோர்ஸ் எங்கே என்பதையும் விசாரியுங்கள். பல பட்டறைகளில் அலமாரியில் இருக்கும் சிடி 2001-ஆம் வருஷத்து சோர்ஸ், கம்ப்யூட்டரில் ஓடுவது 2017-ல் திருத்திய இஎக்ஸ்இ. இரண்டுக்கும் நடுவில் உள்ள திருத்தங்கள் யாரிடமும் இருக்காது.

இன்னும் சில மூலைகளையும் பார்த்துவிடுங்கள். எம்டிபி ஃபைல் 2 ஜிபியைத் தாண்டாது. உங்களுடையது எவ்வளவு என்று வலது கிளிக்கில் தெரியும். நூறு, இருநூறு எம்பி என்றால் கவலை இல்லை. அந்த ஃபைலை வைஃபை வழியாக மூன்று பேர் ஒரே நேரத்தில் திறக்கிறார்கள் என்றால் கவலைப்பட வேண்டும், இணைப்பு நடுவில் அறுந்தால் ஃபைல் கெடும். சாஃப்ட்வேர் ப்ரோக்ராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள்ளேயே டேட்டாவை எழுதுகிறதா என்றும் பாருங்கள். அப்படி எழுதினால் விண்டோஸ் சத்தமில்லாமல் அதை ஒவ்வொரு யூசருக்கும் தனித்தனியாக, விர்ச்சுவல்ஸ்டோர் என்ற மறைவான இடத்தில் சேர்த்து வைக்கும். ஒரே கம்ப்யூட்டரில் நீங்கள் லாகின் செய்தால் ஒரு பில் பட்டியல், அக்கவுண்டன்ட் லாகின் செய்தால் வேறு பட்டியல் என்று வரும். பேக்கப் எடுக்கும் ஆள் எதை எடுத்தார் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். புதிய கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது டேட்டா காணாமல் போவதற்கு நான் கண்ட வரையில் முதல் காரணம் இதுதான். அப்புறம் தேதிப் பெட்டி: அதில் 1-4-30 என்று இரண்டு இலக்க ஆண்டு அடித்துப் பாருங்கள். 2030 என்று எடுத்துக்கொண்டால் நல்லது. 1930 என்றால், விண்டோஸின் ரீஜன் செட்டிங்கில் அந்த எல்லையை மாற்றிப் பாருங்கள், அதற்கும் அசையவில்லை என்றால் உங்களுக்கு உண்மையான கடைசி தேதி ஒன்று இருக்கிறது, அது மைக்ரோசாஃப்ட் வைத்த தேதி இல்லை.

கூலி ஷீட்டில் ஆட்களின் பெயர் கன்னடத்திலோ தமிழிலோ இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால், விபி6 யூனிகோடைத் திரையில் காட்டத் தெரியாத காலத்துப் பிறவி, எனவே பெயர்கள் கன்னடத்துக்கு நுடி, தமிழுக்கு டாப் மாதிரி பழைய எழுத்துரு முறையில்தான் சேர்ந்திருக்கும். புதிய சாஃப்ட்வேருக்கு மாற்றும்போது அவற்றை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். பழைய முறையில் 'கெ' என்பதில் கொம்பு முதலில், 'க' பிறகு. யூனிகோடில் 'க' முதலில், கொம்பு பிறகு. நேராக மாற்றிப் போட்டால் ஊரில் இல்லாத பெயரெல்லாம் வரும். விலைப்பட்டியலில் இந்த வேலை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் எங்கேயும் இருக்காது.

இனி, புதிதாக எழுதுவது ஏன் பயப்பட வேண்டிய காரியம் என்று சொல்கிறேன். இதற்கு ஊரறிந்த உதாரணம் நெட்ஸ்கேப். 1998-ல் தங்கள் பிரவுசரின் பழைய கோடை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து எழுத முடிவெடுத்தார்கள். ஐந்தாம் பதிப்பு வரவே இல்லை, ஆறாம் பதிப்பு 2000 நவம்பரில் வந்தது. அதற்குள் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் சந்தையை எடுத்துக்கொண்டுவிட்டது. அந்தப் புதிய கோடிலிருந்துதான் 2004-ல் ஃபயர்ஃபாக்ஸ் பிறந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், எழுதியது வீண் போகவில்லை. ஆனால் அதை அனுபவிக்க நெட்ஸ்கேப் கம்பெனி மிச்சமில்லை. அவர்களுக்கே அந்தக் கதி என்றால் ஆறு மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்பவரின் வார்த்தையை எவ்வளவு நம்புவது?

பெரிய கம்பெனியை விடுங்கள். சிக்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரியின் பில்லிங் சாஃப்ட்வேரை வேறொரு குழு புதிதாக எழுதியது. பார்க்க அழகாக இருந்தது. முதல் வாரமே இரண்டு சிக்கல். ஒன்று, பில் மொத்தம் பழையதற்கும் புதியதற்கும் ஒரு ரூபாய், ஐம்பது பைசா என்று இடித்தது. பழைய சாஃப்ட்வேர் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் டாக்ஸை முழுசாக்கி (ரவுண்ட் செய்து) கூட்டியது. புதியது கூட்டிவிட்டு முழுசாக்கியது. வாங்கும் கம்பெனிகளின் பர்ச்சேஸ் பிரிவு தொகை ஒத்துப்போகவில்லை என்று பில்லைத் திருப்பி அனுப்பியது. இரண்டாவது இன்னும் வேடிக்கை. பழைய கோடில் ஒரு குறிப்பிட்ட பார்ட்டி எண் வந்தால் லாரி வாடகையைச் சேர்க்காதே என்று ஒரு வரி. ஏன் என்று கடையில் யாருக்கும் தெரியவில்லை. புதிய சாஃப்ட்வேர் வாடகையைச் சேர்த்து பில் போட்டதும் அந்தப் பார்ட்டி நேரில் வந்து சத்தம் போட்டார். பல வருஷத்துக்கு முன் பெரிய முதலாளியோடு வாய்மொழியாக ஆன ஒப்பந்தமாம். ஒப்பந்தம் எழுதி வைத்திருந்த ஒரே இடம் அந்தக் கோடு.

முழுசாக்கும் விஷயத்தில் இன்னொரு பொறி இருக்கிறது, உங்களுக்கு எழுதப் போகிறவரிடம் இதைக் கேட்டாலே ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். விபி6-ல் ரவுண்ட் என்ற ஃபங்ஷன் 2.5-ஐ 2 ஆக்கும், 3.5-ஐ 4 ஆக்கும். சரிபாதியாக வந்தால் இரட்டைப்படை எண் பக்கம் சாயும். அதே விபி6-ல் ஃபார்மேட் என்ற வழியாக அச்சிட்டால் 2.5 என்பது 3 ஆக வரும். ஜாவாஸ்கிரிப்டில் எழுதினால் அதன் ரவுண்டும் 3 என்றே சொல்லும். உங்கள் பழைய கோடில் எந்த இடத்தில் எது இருக்கிறது என்று பார்க்காமல் எழுதினால் பைசா இடித்துக்கொண்டே இருக்கும். போதாததற்கு விபி6-ன் கரன்சி வகை பணத்தை நான்கு தசம இடத்தோடு முழு எண்ணாகக் கணக்கு வைக்கிறது, பைசா சிதறாது. புதிய மொழியில் ஃப்ளோட் என்ற சாதாரண எண் வகையில் பணத்தை வைத்தால் 0.1-ம் 0.2-ம் கூட்டினால் சரியாக 0.3 வராது.

"64 பிட் ஆக்கினால் வேகமாகும்" என்றும் சொல்லியிருப்பார்கள். 32 பிட் நிரலுக்கு வழக்கமாகக் கிடைக்கும் நினைவகம் 2 ஜிபி, சிறப்பாகக் குறித்திருந்தால் 64 பிட் விண்டோஸில் 4 ஜிபி. பெரிய படங்கள், டிசைன் மாடல்கள், சிமுலேஷன் மாதிரி அந்த அளவை முட்டும் வேலைக்கு 64 பிட் தேவை, அங்கே வாதத்துக்கே இடமில்லை. ஜாப் கார்டுக்கு அந்த நினைவகத்தில் ஒரு மூலைகூட நிறையாது.

எப்போது நானே "புதிதாக எழுதுங்கள்" என்பேன்? சோர்ஸ் கிடைக்கவே இல்லை, வீதம் மாதிரி விஷயங்கள் கோடுக்குள் புதைந்திருக்கின்றன, இரண்டும் சேர்ந்தால் எழுத வேண்டியதுதான். விபி6-ல் நேட்டிவ் கோடாக (ப்ராசஸர் நேரடியாகப் படிக்கும் வடிவில்) தொகுத்த இஎக்ஸ்இயிலிருந்து படிக்கும்படியான சோர்ஸை மீட்க முடியாது. அதே மாதிரி, இரண்டாவது யூனிட் திறந்து மூன்று நான்கு இடத்திலிருந்து ஒரே டேட்டாவில் வேலை செய்ய வேண்டும் என்றால் எம்டிபி அடிப்படையே தாங்காது. இந்தக் காரணங்கள் எதிலும் 64 பிட் என்ற சொல் வரவில்லை பாருங்கள். உங்கள் சாஃப்ட்வேர் விபி6-க்குப் பதில் டெல்ஃபி என்ற மொழியில் இருந்திருந்தால் பதிலே வேறு. அதற்கு 2011-லேயே 64 பிட் கம்பைலர் வந்துவிட்டது, அதே கோடைத் திருத்தித் தொகுக்கலாம். விபி6-க்கு மைக்ரோசாஃப்ட் அப்படி ஒரு பாதை போடவில்லை. விபியின் அடுத்த தலைமுறையான விபி டாட்நெட்டுக்கு மாற்றும் விசார்ட் ஒன்று இருந்தது, விஷுவல் ஸ்டுடியோ 2010 பதிப்பில் அதையும் எடுத்துவிட்டார்கள்.

சோர்ஸ் கிடைத்து, அது தொகுபடுகிறது என்றால் நான் போகும் வழி துண்டு துண்டாக. உங்கள் ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியிருந்தால் 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம், அதற்கு அரசுப் போர்ட்டல் தரும் ஐஆர்என் என்ற பில் பதிவு எண்ணும் க்யூஆர் கோடும் வேண்டும். இதைப் பழைய கோடுக்குள் திணிக்க வேண்டாம். எம்டிபி-யைப் படித்து, போர்ட்டலுக்கு அனுப்பி, வரும் பதிலைத் திரும்ப எழுதும் சின்னத் தனி நிரல் ஒன்றைப் புதிய மொழியில் எழுதச் சொல்லுங்கள். அது தனி ப்ராசஸ், 32 பிட்டோடு கலக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒன்று கவனம், அது 64 பிட்டாக இருந்தால் எம்டிபி-யைப் படிக்க ஜெட் உதவாது, அக்சஸின் புதிய ஏஸ் என்ஜினை நிறுவ வேண்டும். 32 பிட்டாகவே எழுதினால் அந்தத் தொல்லையும் இல்லை. அடுத்து டேட்டாவை மைக்ரோசாஃப்டின் பெரிய டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்புக்கு நகர்த்தி, எம்டிபி-யில் அந்த அட்டவணைகளுக்கு இணைப்பு மட்டும் வைத்தால் பழைய திரைகள் பெரும்பாலும் அப்படியே ஓடும். டிஏஓ (எம்டிபி-யோடு பேசும் பழைய முறை) வழியாகத் தேட சீக் என்ற கட்டளையைப் பயன்படுத்திய இடங்கள் மாதிரி சில அடம்பிடிக்கும், அவற்றைத் திருத்த வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு திரையாக, எது அதிகம் தொல்லை தருகிறதோ அதிலிருந்து, புதியதாக மாற்றலாம். எடை மிஷின் திரை கடைசி. ஓடுகிற வன்பொருள் இணைப்பில் யாரும் முதலில் கை வைக்கக் கூடாது.

எந்த வழியில் போனாலும் பழையதும் புதியதும் ஒரு மாத முடிவையாவது சேர்ந்து பார்க்க வேண்டும், முடிந்தால் மார்ச் கணக்கு முடிப்பையும். ஒரே சலானை இரண்டிலும் போட்டு பைசா வரை ஒத்துப் பார்க்கும் வேலை சலிப்பானது, அக்கவுண்டன்ட் முணுமுணுப்பார், அவருக்கு அந்த மாதம் கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள். கம்பெனி ஆளிடம் ஒப்பந்தம் போட்டால் பணத்தின் கடைசித் தவணையை இந்த ஒத்துப் பார்த்தலோடு கட்டிவிடுங்கள், சோர்ஸ் உங்கள் பெயரில் உங்கள் கையில் வர வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். இல்லையென்றால் ஓசூருக்குப் போன ஒருவருக்குப் பதில் இன்னொருவர், அவ்வளவுதான். 14 லட்சம் நியாயமா என்று கேட்டிருந்தீர்கள். எத்தனை திரை, எத்தனை ரிப்போர்ட் என்று தெரியாமல் நியாயம் என்றும் சொல்ல முடியாது, கொள்ளை என்றும் சொல்ல முடியாது. ஆனால் சோர்ஸைப் பார்க்காமல் விலை சொன்னவருக்கும் அது தெரியாது.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். எம்டிபி ஃபைலை இரண்டு இடத்தில் நகலெடுங்கள், விர்ச்சுவல்ஸ்டோரிலும் ஒரு நகல் இருக்கிறதா என்று தேடுங்கள். புது கம்ப்யூட்டர் வாங்குவதென்றால் இன்டெல் அல்லது ஏஎம்டி, விண்டோஸ் 11 ப்ரோ. பழைய கம்ப்யூட்டரை விற்காதீர்கள், நெட் இணைப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக வையுங்கள். ஓசூர்க்காரரைப் போனில் பிடிக்க முடியாவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பாருங்கள், ஒன்றரை மணி நேரப் பயணம்தானே. 2017-ல் திருத்திய சோர்ஸ் அவருடைய பழைய லேப்டாப்பில் இருக்க வாய்ப்பு உண்டு. சோர்ஸ் கைக்கு வந்ததும் அதில் விபிபி என்று முடியும் ஃபைல் ஒன்று இருக்கும், நோட்பேடிலேயே திறக்கலாம். ரெஃபரன்ஸ், ஆப்ஜெக்ட் என்று தொடங்கும் வரிகளை மட்டும் நகலெடுத்து இங்கே போடுங்கள். எந்த ஓசிஎக்ஸ், எந்த டேட்டாபேஸ் முறை என்பது அதிலேயே தெரிந்துவிடும். எது தானாக ஓடும், எதைச் சோதிக்க வேண்டும் என்று வரி வரியாகச் சொல்கிறேன்.